நாற்பதைத் தாண்டாத முள்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, நீங்கள் கொடுத்த கார் ஆகிய மூவரும் சௌக்கியம். காரின் சௌக்கியத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது; தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும்.

சாவியைக் கொடுக்கும்போதே, "மாப்ள, ஆயில் பாருங்க, தண்ணி பாருங்க, மத்த எதுலயும் கை வைக்காதீங்க" என்று சொன்னீர்கள். மறக்கவில்லை. ஆனால் மீட்டரில் எண்கள் மங்கிப்போய்விட்டன, ஒன்றும் தெரியவில்லை என்று உங்கள் தங்கை ஒருநாள் சொல்லிவிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் பெண்டாட்டிக்கே எழுத்து தெரியவில்லை என்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? உடனே வெள்ளைத் தகட்டில் கறுப்பு எண் போட்ட புது முகப்பு ஒன்றை வரவழைத்தேன். முப்பது வருஷமாகக் கடுகளவு திருகாணிகளோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று கல்லாவுக்குப் பக்கத்திலேயே மீட்டரைப் பிரித்து, இரண்டு தேக்கரண்டிகளை இருபுறமும் கொடுத்து நெம்பி முட்களைப் பிடுங்கினேன். முகப்பு கச்சிதமாக உட்கார்ந்தது. மூன்று முட்களையும் கைக்குட்டையில் அழகாக அடுக்கியும் வைத்திருந்தேன். பிடுங்குவதற்கு முன்னால் எது எங்கே நின்றது என்று குறித்து வைக்க வேண்டும் என்பது மட்டும் அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சரி, போகட்டும் என்று குத்துமதிப்பாகச் சொருகிவிட்டேன்.

அதிலிருந்து ஆரம்பித்தது மச்சான் கூத்து. டேங்க் காலி, முள் பாதி என்கிறது. சந்தை வாசலில் வண்டி நின்றுபோக, காய்கறிப் பையோடு உங்கள் தங்கையை வீட்டுக்கு நடக்கவிட்டேன். ஷெட்டில் சும்மா நிற்கிற வண்டி கொதிக்கிறது என்கிறது அடுத்த முள். நானும் நம்பி இரண்டு குடம் தண்ணீரை மேலே ஊற்றி வண்டியைக் குளிப்பாட்டியதுதான் மிச்சம். கடைசியில் டேங்கை நிரப்பி ஒரு முள்ளை முழுசில் வைத்தேன். இன்ஜினை நன்றாகச் சூடேறவிட்டு அடுத்ததை நடுவில் வைத்தேன். இரண்டும் சரியாகிவிட்டன. பாக்கி, வேக முள்.

அதைச் சரிபார்க்க, உங்கள் தங்கையை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் வேகத்தைப் பார்த்தேன். முள் நாற்பது. கைபேசி அறுபது! அவளோ, "நாப்பதுல போறது எவ்வளவு சுகமா இருக்கு பாத்தீங்களா?" என்கிறாள்.

மச்சான், இவள் நாற்பதைத் தாண்டாதவள் என்று உங்களுக்கே தெரியும். மாட்டு வண்டிக்காரன்கூட இவளை முந்திக்கொண்டு போவான். இப்போது இவளுக்கு, ஊருக்கு வெளியே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கே தலைமைப் பொறுப்பு வந்திருக்கிறது. பஸ் கிடையாது, பெரிய ரோட்டில் தினமும் தானே ஓட்ட வேண்டும். வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க இருந்தவள், இந்தப் பத்து நாளாக ஓட்டிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை சேர்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அந்தத் தைரியம் முழுக்க என் தப்பான முள் கொடுத்தது. நான் வாயைத் திறப்பேனா?

ஆனால் மனசு கேட்கவில்லை. தப்பான பவரில் கண்ணாடி போட்டு ஆளைத் தெருவில் இறக்கிவிட்ட மாதிரி உறுத்தல். அந்த ரோட்டில் பள்ளிக்கூடம் இருக்கிறது, நாற்பதுக்கு மேல் போகாதே என்று பலகை இருக்கிறது. அதனால் இன்று, ஞாயிற்றுக்கிழமை, அவள் தலைக்குக் குளிக்கப் போன நேரத்தில் முள்ளைச் சரியாக மாற்றிவிட்டேன். நாளைக் காலையில் மீட்டர் அறுபது காட்டும். பயந்துபோய் வேலையே வேண்டாம் என்று திரும்பிவிடுவாளோ என்றுதான் கவலை. அவள் இந்த வேலைக்கு எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். முதல் வாரம் முழுக்க நானே பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்வதாக இருக்கிறேன். நீங்களும் வந்து அண்ணனாக நாலு வார்த்தை சொல்லவேண்டும். என்னைத் திட்டுவதை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, தபாலில் போடச் சொல்லி உன் மாப்பிள்ளை கொடுத்தார், ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். முள் பொய் சொல்கிறது என்று முதல் நாளே தெரியும். இன்ஜின் சத்தத்தை வைத்து ஓட்டத்தானே நீ சொல்லிக்கொடுத்தாய்? பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் மெதுவாகத்தான் போகிறேன். மீட்டர் நாற்பதைத் தாண்டினால் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறவர் இவர்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவருக்காகத்தான் அண்ணா நான் நாற்பதில் ஓட்டுகிறேன். வேலை வேண்டாம் என்று எழுத இருந்ததுகூட, இவர் தினமும் துணைக்கு வருவேன் என்று கிளம்பிவிடுவாரே என்றுதான். அறுபது என்று தெரிந்தும், கண்ணெதிரே முள் நாற்பதில் நின்றதால் இந்தப் பத்து நாளும் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார், பாவம். நீ கட்டாயம் வா. எனக்குத் தைரியம் எல்லாம் சொல்ல வேண்டாம். இவர் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, அந்த முள்ளை மறுபடியும் இருபது குறைத்து வைத்துவிட்டுப் போ.