சகலைகள் படம் பார்த்த கதை

திரையரங்குக்குப் போய், கடைசிவரை கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்து, படம் பார்க்காமலே வீடு திரும்புகிற ஓர் இனம் உண்டு. தூங்குகிறவர்களைச் சொல்லவில்லை, பாவம், அவர்கள் அசதியில் வந்தவர்கள். நான் சொல்வது, திரையில் யார் அழுதாலும் அது தனக்காக அழுகிற அழுகை என்று எடுத்துக்கொண்டு, வில்லன் வந்தால் மட்டும் பக்கத்து இருக்கைக்காரரைத் திரும்பிப் பார்க்கிறவர்களை. ராஜா படம் என்றால் இவர் ராஜா. சிறைக்கைதி படம் என்றால் இவர் கைதி. அதுவும் செய்யாத குற்றத்துக்கு உள்ளே போன கைதி. நாயைப் பற்றிய படமாக இருந்தால்கூட, அந்த நாயின் விசுவாசம் தன்னிடமும் இருப்பதையும், வீட்டில் அதை யாரும் மதிப்பதில்லை என்பதையும் இடைவேளைக்குள் கண்டுபிடித்துவிடுவார். நம்பிக்கை வரவில்லையா? பெரிய சகலைக்கு நடந்ததைக் கேளுங்கள்.

அக்கா, தங்கையைக் கட்டிய இரண்டு பேர் கூட்டாக ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடத்துகிறார்கள். அக்காவின் கணவர் பெரிய சகலை. முன்பக்க மேஜையில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் பேசுவது அவர் வேலை. அழுதுகொண்டு வருகிறவரைச் சிரித்துக்கொண்டு போகவைப்பார். என்ன, மெஷின் சரியாகிவிட்டதா என்பதுதான் பல சமயம் அவருக்கே தெரியாது. தங்கையின் கணவர் சின்ன சகலை. தடுப்புக்குப் பின்னால் விளக்கடியில் குனிந்து பழுது பார்ப்பது அவர் வேலை. எந்த மெஷினையும் பிழைக்கவைத்துவிடுவார். அதன் சொந்தக்காரரிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னால் முகம் வெளிறிவிடும். கடை நன்றாகவே ஓடியது. நான் பேசாவிட்டால் இங்கே யார் வருவார் என்று முன்பக்கத்துக்கு ஒரு வருத்தம். நான் சரி பண்ணாவிட்டால் வந்தவர் சும்மா விடுவாரா என்று பின்பக்கத்துக்கு ஒரு வருத்தம். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஜோடிகளும் சேர்ந்து ஒரு படத்துக்குப் போனார்கள். ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனம் பிறந்த கதை. சலவைக் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் இரண்டு நண்பர்கள் தொடங்குகிறார்கள். ஒருவனுக்கு வாய்தான் மூலதனம். கம்பெனிக்குப் பேர் வைப்பது, ஆள் பிடிப்பது எல்லாம் அவன். மற்றவனுக்குக் கைதான் மூலதனம். மெஷினை உருவாக்குவது அவன். கம்பெனி வளர்கிறது. கைக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் போட்டிக் கம்பெனியோடு பேசுகிறான். வாய்க்காரன் சொல்லாமல் கொள்ளாமல் கைக்காரனை வெளியேற்ற வழி பார்க்கிறான். யார் முதலில் ஆரம்பித்தது என்று படம் சொல்லவே இல்லை. கடைசியில் ஒருவன் பஸ் நிறுத்தத்தில் நின்று கட்டடத்தைப் பார்க்கிறான். மற்றவன் மாடி ஜன்னலில் நின்று பஸ் நிறுத்தத்தைப் பார்க்கிறான். விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

பெரிய சகலைக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னலில் நின்றது அவரேதான். தொண்டை வற்றப் பேசி, ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு கம்பெனியைத் தூக்கி நிறுத்தி, கூடவே இருந்தவன் முதுகில் குத்தியபிறகும் ஒரு வார்த்தை சொல்லாமல் நிற்கிறானே, அந்த முகம் வேறு யாருடையது? ஓரக்கண்ணால் சின்ன சகலையைப் பார்த்தார். அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். உறைத்துவிட்டது, பாவம், என்று பெரிய சகலை உருகிப்போனார்.

“சில விஷயம் வாயால சொன்னா ஏறாது, சகலை. படமா எடுத்துக் காட்டினாத்தான் ஏறும்,” என்றார் காரில்.

“நானும் அதையேதான் நெனச்சேன், சகலை,” என்றார் சின்ன சகலை, பின்சீட்டிலிருந்து தழுதழுத்த குரலில்.

மறுநாள் பெரிய சகலை, சின்ன சகலை மன்னிப்புக் கேட்பார் என்று தயாராகக் கடைக்கு வந்தார். பாதியிலேயே தடுத்து, ‘விடுங்க சகலை, நமக்குள்ள என்ன’ என்று தோளில் கைபோடுவதாகத் திட்டம். காலை போயிற்று, மன்னிப்பு வரவில்லை. கூச்சப்படுகிறார் போலிருக்கிறது என்று, இதுவரை செய்யாத காரியமாக, தன் கையாலேயே டீ எடுத்துக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனார்.

சின்ன சகலை டீயைப் பார்த்தார். எழுந்து நின்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“இது போதும் சகலை. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. நான் நேத்தே மன்னிச்சுட்டேன்.”

“யாரை?”

“உங்களைத்தான்.”

டீ ஆறும் வரை இருவரும் படத்தைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் போட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்றவன் தியாகியா, துரோகியா? குரல் தடுப்பைத் தாண்டியது. முன்பக்கம் லேப்டாப்போடு காத்திருந்த பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். அவரும் அந்தப் படத்தைப் பார்த்தவர். சரி, நடுநிலையான ஆள், நீங்களே சொல்லுங்கள் என்று இருவரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

“நீங்க ரெண்டு பேரும் சொல்றது தப்பு. அது பல்லைப் பத்தின படம்,” என்றார் டாக்டர். “ஆரம்பத்துல அந்தப் பேசுற பையனுக்கு முன்பல் கோணல். ஆனா வாய் நிறையச் சிரிப்பான். காசு வந்ததும் பல்லைச் சீர் பண்ணிக்கிட்டான். அதுக்கப்புறம் படம் முடியறவரை சிரிக்கவே இல்ல. கவனிச்சீங்களா? எனக்குத் தூக்கமே வரல.”

இரண்டு குடும்பமும் மாடியும் கீழுமாகக் குடியிருக்கிற வீட்டில் நியாயம் கேட்டார் பெரிய சகலை. மனைவி காய் நறுக்கிக்கொண்டே சொன்னார். “அந்தப் பேசுற பையனோட அம்மா படம் பூரா ஃபோன் பண்றாங்க. அவன் ஒருதரம்கூட எடுக்கல. அதுதாங்க கதை. மத்தபடி ஆம்பளைங்க சண்டை என்னத்துக்கு அவ்வளவு நீளமா எடுத்திருக்காங்கன்னு தெரியல.” அன்று மத்தியானம் மனைவி கடைக்கு ஃபோன் பண்ணியிருந்ததும், தான் எடுக்காததும் பெரிய சகலைக்கு நினைவுக்கு வரவில்லை. கடைக்கு வேண்டிய பாகங்களைத் தருவித்து, சரிபார்த்து, அடுக்கிவைப்பது மனைவியின் தங்கை. அவள் சொன்னது வேறு: “ஆரம்பத்துலேருந்து அந்த ஆபீஸ்ல ஒரு பொண்ணு வேலை செய்யுதே, அத்தான். கடைசிவரை அவ பேரைக்கூட யாரும் சொல்லல. கவனிச்சீங்களா?”

“எந்தப் பொண்ணு?” என்றார் பெரிய சகலை.

அதன்பிறகு கடையில் பேச்சுவார்த்தை நின்றது. மெஷின் எப்போது தயாராகும் என்று கேட்டவர்களிடம், “உள்ள ஒருத்தர் இருக்கார், அவருக்குத்தான் வெளிச்சம்,” என்றார் பெரிய சகலை. உள்ளே இருந்தவர் எதைச் சரி பண்ணினார் என்று சொல்வதை நிறுத்திக்கொண்டார். வந்தவர்கள் சிரிக்காமல் போக ஆரம்பித்தார்கள். அடுத்த தெருக் கடைக்காரரோடு சின்ன சகலை நின்று பேசியதை யாரோ பார்த்துச் சொன்னார்கள். படத்தில் வந்த மாதிரியே நடக்கிறதே என்றார் பெரிய சகலை. கையோடு தெரிந்த ஒருவருக்கு ஃபோன் போட்டு, நல்ல மெக்கானிக் இருந்தால் அனுப்பச் சொன்னார். “இவர் இல்லாட்டி என்ன, இன்னொருத்தர் வருவார்,” என்றும் சேர்த்துச் சொன்னார்.

அப்படியும் ஆறவில்லை. ஆதாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து முகத்துக்கு நேரே நீட்டிவிடுவது என்று, ஒரு வேலைநாள் மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் தனியாக அதே படத்துக்குப் போனார். பாதிப் படத்தில் வாய்க்காரன் ஃபோனை எடுத்தான். “அவன் இல்லாட்டி என்ன, இன்னொருத்தன் வருவான்,” என்றான்.

பெரிய சகலைக்குக் காது சுட்டது. பழக்கதோஷத்தில் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். அதில் ஆள் இல்லை. தடுப்புக்குப் பின்னால் அந்த மனிதர் இத்தனை வருஷம் குனிந்தே இருந்து கழுத்து வளைந்துபோனது அப்போதுதான் அவர் கண்முன் வந்தது. மீதிப் படத்தைத் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

விளக்கு வந்தபோது, கடைசி வரிசையில் சின்ன சகலை உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

படிக்கட்டில் நின்றார்கள். முதலில் வாய் திறந்தது சின்ன சகலை, அதுவே அதிசயம்.

“அந்தக் கடைக்காரர்கிட்ட நான் பேசியிருக்கக் கூடாது, சகலை.”

“நீங்க பேசினதுல என்ன இருக்கு. நான்தான் ஆள் தேடினேன். தப்பு முழுக்க என்மேல.”

“இல்ல, முதல்ல ஆரம்பிச்சது நான். நீங்க செஞ்சது கோவத்துல செஞ்சது.”

“கோவமா? நான் யோசிச்சு, திட்டம் போட்டுச் செஞ்ச துரோகம், சகலை.”

“துரோகம் நான் பண்ணது. நீங்க பண்ணது வெறும் வாய்.”

பெரிய சகலைக்குச் சுருக்கென்றது. வெறும் வாயா? தன் துரோகத்துக்கு இவ்வளவுதான் மரியாதையா? குரல் உயர்ந்தது. டிக்கெட் கிழிக்கிறவர் வந்து விலக்கிவிட வேண்டியதாயிற்று. வீடு வரைக்கும், மாடிப்படி வரைக்கும், யார் பெரிய பாவி என்பது தீரவில்லை.

“முன்னாடி யார் நல்லவன்னு போட்டி. இப்ப யார் அயோக்கியன்னு போட்டியா?” என்றார் அக்கா.

“கடையை நான்தான் திறந்து வெச்சிருந்தேன். யாராவது கேட்டீங்களா?” என்றாள் தங்கை. யாரும் கேட்கவில்லை.

புது மெக்கானிக்கை வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. அடுத்த தெருக்காரருக்கும் பதில் போயிற்று. கடை பழையபடி ஓடுகிறது. இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் பெரிய சகலை இந்தக் கதையைச் சொல்கிறார். தன்னைப்போல ஒரு மகாபாவி உண்டா என்று சொல்லும்போது குரல் கம்முகிறது, கேட்பவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் தடுப்புக்குப் பின்னால் கருவிகளைப் போடுகிற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்கிறது. பாவத்திலும் எனக்குப் பங்கு கொடுக்க மாட்டேன் என்கிறாரே மனிதர் என்று பின்பக்கத்துக்கு ஒரு வருத்தம்.

இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு ஒருவர் முகம் தோன்றியிருக்கும். அச்சு அசல் அவரேதான் என்று சிரித்திருப்பீர்கள். அவருக்கு இதை அனுப்பிவைத்தால் என்ன என்றுகூட நினைத்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் உங்கள் ஃபோனை ஒருதரம் பார்த்துவிடுங்கள். அவர் உங்களுக்கு ஏற்கெனவே அனுப்பியிருக்கக்கூடும்.