மாமாவின் அம்பாசடர் ஆயில் கக்கிய கதை

பாப்பனம்கோடு,
திருவனந்தபுரம்.

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் விஜய்குமார் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் ராஜையன் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. இங்கே நானும் ரத்னாபாயும் மகள் லிபியும் தேவ கிருபையால் சுகம். மார்த்தாண்டத்தில் நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். காரை எங்கள் தலையில் கட்டிய பிறகு சுகத்துக்கு என்ன குறைச்சல்? போனில் நான் ‘ஆயில்’ என்று ஆரம்பித்ததுமே உங்களுக்கு டவர் ரேஞ்ச் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்த வியாதி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

வரப்போகும் லிபியின் கல்யாணத்தன்று, உங்கள் அப்பா, காலஞ்சென்ற மாமா ஓட்டிய அம்பாசடரில்தான் பெண் சர்ச்சுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் கல்யாணத்துக்கே வரமாட்டீர்கள் என்று சொல்லி வண்டியைக் கொண்டுவந்து விட்டீர்கள். “இஞ்சின் பூ மாதிரியாக்கும்” என்றீர்கள். உண்மைதான் மச்சான், பூவில் தேன் சொட்டுவதுபோல் ஆயில் சொட்டுகிறது. எங்கள் முற்றத்துச் சிமெண்டுத் தரை இப்போது பழகிய தோசைக்கல் மாதிரி மினுங்குகிறது. பால்காரர் ஒருமுறை அதில் வழுக்கி, பால் இல்லாமல் கேட் வரைக்கும் சறுக்கிப் போய்விட்டு வந்தார். அதன் பிறகு தெருவில் நின்றுதான் கூப்பிடுகிறார்.

ஒழுகுவதைக்கூட மன்னித்திருப்பேன். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஆயில் பிரஷர் காட்டும் மீட்டர் இருக்கிறதே, வண்டி எடுத்ததும் அதன் முள் நிமிர்ந்து நிற்கும். கொஞ்ச தூரம் ஓடினதும், பிரசங்கம் நீளும்போது உறங்கும் சபை மூப்பரைப்போல மெல்லத் தலை சாய்ந்து பூஜ்யத்தில் படுத்துவிடும். செக்ரட்டேரியட்டில் ஆயுள் முழுக்க ஃபைல் புரட்டிய எனக்கு இஞ்சினைப் பற்றி என்ன தெரியும்? நேமத்தில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் அனிலிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைத் திறக்காமலே தீர்ப்புச் சொன்னார்: “சாரே, பிரஷருக்கு ஒரு குழப்பமும் இல்ல. மீட்டராக்கும் பொய் சொல்லுது.” புது மீட்டர் மாட்டினார். அதுவும் அதே பொய்யைச் சொன்னது. இரண்டு சாட்சி ஒரே மாதிரி சொன்னால் கோர்ட்டே ஒப்புக்கொள்ளும். அனில் மூன்றாவது மீட்டர் கேட்டார்.

இதற்கிடையில் கல்யாணச் சேலை எடுக்க நாங்கள் மூன்று பேரும் கிழக்கேகோட்டைக்குப் போனோம். பழவங்காடி பிள்ளையார் கோயில் முன்னால் முள் படுத்துவிட்டது, இஞ்சின் உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் தட்ட ஆரம்பித்தது, பயந்துபோய் நானே அணைத்தேன். பின்னால் நின்ற பஸ்காரர்கள் ஹார்னிலேயே என் பரம்பரையை விசாரித்தார்கள். பானெட்டைத் தூக்கினால் குப்பென்று புகை. அதைப் பார்த்து ஒரு பெரியவர் ஓடிவந்து, “வண்டி பூஜைக்கோ? கொஞ்சம் தள்ளி நிறுத்தப்படாதோ?” என்றார். ரத்னாபாய் உள்ளேயிருந்து, “நாங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்களாக்கும்” என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் எங்கள் பேரில் ஒரு தேங்காயை உடைத்துவிட்டார். நான் மறுபடி சாவியைத் திருப்பினேன். இஞ்சின் சத்தமில்லாமல் ஓடியது, முள்ளும் நிமிர்ந்து நின்றது! பெரியவர் கை கூப்பினார். எதிர்க் கடையில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்த எங்கள் பாஸ்டர் கை கூப்பவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முழுக்க இரண்டு தோணியில் கால் வைப்பவர்களைப் பற்றித்தான். முன்வரிசையில் இருந்தவர்கள் கழுத்து வலிக்கத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அனில் இஞ்சின் மேல்மூடிக்கு அடியில் ஒழுகாமல் இருக்க வைக்கும் பாக்கிங் அட்டையை மாற்றினார், பக்கமூடியின் பாக்கிங்கை மாற்றினார், ஒழுக்கு நிற்கவில்லை. கடைசியில் ரத்னாபாய்க்குக் கோபம் வந்துவிட்டது. “அழுக்குக்கு மேல நின்னு பாத்தா எங்க ஒழுகுதுன்னு எப்பிடித் தெரியும்? முதல்ல அதைக் குளிப்பாட்டும்” என்றாள். இஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து, லிபியின் கல்யாண மேக்கப்புக்கு வாங்கிய பவுடரை எடுத்து அதன் மேல் அப்பினாள். வெள்ளையில் கறுப்புக்கோடு எங்கிருந்து இறங்குகிறதோ அங்கேதான் ஒழுக்கு என்பது அவள் கணக்கு. ஸ்டார்ட் செய்தோம். ஒரு கோட்டை எதிர்பார்த்தால், இருக்கிற மூட்டுகள் எல்லாவற்றிலிருந்தும் கோடு! அப்போதுதான் அனில் முதல்முறையாகத் தலையைச் சொறிந்தார். “ஒருமிச்சு எல்லா எடமும் லீக்கானா, உள்ள உள்ள காத்து வெளிய போக வழியில்ல சாரே” என்று, இஞ்சின் மூச்சுவிடும் குழாயைக் கழற்றினார். உள்ளே ஒரு துணி உருண்டை. ரத்னாபாய் அதை விரித்துப் பார்த்து, “இது அண்ணனுக்க பனியனாக்கும். கிறிஸ்துமசுக்கு நான் எடுத்துக் குடுத்தது” என்றாள்.

உடனே உங்களுக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? “வண்டிக்குள்ள புகை வந்துது, குழாயை அடைச்சேன். அதுக்குப் பொறவு ஒழுகிச்சு, பேஸ்ட் போட்டேன். ஒழுகுற எடத்தில பேஸ்ட் போடாம பாயசமா ஊத்துவாவ?” என்றீர்கள். பிறகு ரேஞ்ச் போய்விட்டது. ஆயில் தொட்டியைக் கழற்றினால், நீங்கள் மூட்டுக்கு மூட்டு அப்பிய சிவப்புப் பேஸ்ட், உள்பக்கம் பிதுங்கி உதிர்ந்து, ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் அடையாக ஒட்டியிருக்கிறது. வண்டி ஓடும்போது ஒட்டும், ஆயில் ஏறாது, முள் படுக்கும். நிறுத்தினால் உதிரும், முள் எழும்பும். பழவங்காடியில் நடந்த அற்புதம் இதுதான். ஒரு மனுஷனின் மூக்கை அடைத்துவிட்டு, காதில் ஒழுகுகிறதே என்று பிளாஸ்திரி ஒட்டி, அந்தப் பிளாஸ்திரியையே அவன் தொண்டையில் சிக்கவைத்த வைத்தியர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான். இஞ்சின் உள்ளே பேரிங் தேயாமல் தப்பியது கர்த்தர் செயல்.

சல்லடையைச் சுத்தம் செய்து, புது பாக்கிங் போட்டு, குழாயையும் திறந்து மாட்டியாகிவிட்டது. ஆனாலும் உங்கள் கை பட்ட வண்டியை நம்ப எனக்குத் தைரியம் இல்லை, ஆகவே சனிக்கிழமைக்குள் லாரி அனுப்பி வண்டியை எடுத்துக்கொள்ளவும். லிபி ஆட்டோவில் சர்ச்சுக்குப் போவாள். நீங்கள் வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும். கர்த்தர் உங்கள் குடும்பத்தையும், அதில் மிச்சமிருக்கிற வாகனங்களையும் காத்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
ராஜையன்

பி.கு.: லாரி வருமே என்று இன்று காலை வண்டியை கேட் பக்கம் நகர்த்தினேன். ரத்னாபாய் கூப்பிடாமலே ஏறி உட்கார்ந்து, “ஒரு சுத்து போவோம்” என்றாள். சங்குமுகம் வரை போனோம். நிமிர்ந்த முள் அசையவில்லை. வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தவள், கடலைப் பார்த்ததும், “அண்ணன் வராம பிள்ளைக்க கல்யாணத்தை எப்பிடி நடத்துவீரு?” என்று அழுதுவிட்டாள். லாரி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இதே வண்டியில் உங்களை அழைக்க வருகிறோம். கல்யாணத்தன்று லிபிக்கு முன்னால், முன்சீட்டில் நீங்கள்தான் உட்கார வேண்டும். ஸ்டியரிங் என் கையில். பானெட் பக்கம் போனால் மட்டும், மச்சான் என்றுகூடப் பார்க்க மாட்டேன்.