தாங்கி நிறையத் தண்ணீர்

"கால்வாசி காணும் அண்ணை," என்றான் கிறகரி. படுக்கையும் அடுப்பும் உள்ள தன் மோட்டர்ஹோமை இரவல் கொடுக்க வந்தவன், சாவியை இன்னும் கையிலேயே வைத்திருந்தான்.

"என்ன கால்வாசி?" என்று கேட்டார் ஞானேந்திரன்.

"தண்ணி. தாங்கியில கால்வாசிக்கு மேல விடாதேங்கோ. முழுக்க நிரப்பினால் நூற்றைம்பது கிலோ. ரெண்டு தடியங்களைச் சும்மா ஏத்திக்கொண்டு போறமாதிரி. வழி முழுக்கப் பைப் இருக்கு, நிப்பாட்டிப் பிடிக்கலாம்."

ஞானேந்திரன் சிரித்தார். தண்ணீரைப் பற்றி அவருக்கே ஒருவன் சொல்லிக்கொடுக்கிறான்.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணமே எழும்பிச் சாவகச்சேரிப் பக்கம் நடந்தபோது, எட்டு வயது லக்சனா அவருடைய தோளில் இருந்து "அப்பா தண்ணி, அப்பா தண்ணி" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவரிடம் காணி உறுதி இருந்தது, றேடியோ இருந்தது, யாரோ கொடுத்த கோழிகூட இருந்தது. தண்ணீர் இல்லை. பிறகு மழை வந்தது; குடையைத் தலைகீழாகப் பிடித்து அதில் சேர்ந்ததைத்தான் பிள்ளைக்குப் பருக்கினார். அன்று முதல் பூசைக்குப் போனாலும் காருக்குள் இரண்டு போத்தில். புவாண்ட்-கிளேரில் அவர் வேலைசெய்யும் பண்டகசாலைக்குப் போனாலும் ஐந்து லீற்றர்க் கலன்.

"தண்ணி இல்லாமல் நான் ஒரு அடி எடுத்துவைக்க மாட்டன்," என்றார் கிறகரியிடம். இந்த வசனம் அவருடைய வீட்டில் செபமாலைக்கு அடுத்தபடியாக எல்லோருக்கும் மனப்பாடம்.

"கால்வாசியோ?" என்று கேட்டபடி திரேசம்மா வெளியே வந்தாள். "அரிசி மூண்டுதரம் கழுவவேணும். தேத்தண்ணி வைக்கவேணும். சட்டி கழுவவேணும். பேந்து கக்கூசுக்குப் போத்தில்."

"அதெல்லாம் சேர்த்துத்தான் அக்கா புத்தகத்தில கணக்குப் போட்டிருக்கு."

"அது வெள்ளைக்காரருக்குப் போட்ட கணக்கு தம்பி. அவையள் கடுதாசியோட அலுவலை முடிச்சிடுவினம். நாங்கள்?"

 கிறகரியும் போத்தில்காரன்தான். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அது ஆகஸ்ட் மாதத்துப் புதன்கிழமை, பின்னேரம். மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் அவர்களுடைய வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு அந்தப் பழைய மோட்டர்ஹோம் நின்றது. மறுநாள் விடியப் புறப்பட்டு, வழியில் ஓரிடத்தில் படுத்தெழும்பி, ஆயிரத்திருநூறு கிலோமீற்றர் தள்ளியிருந்த ஹலிஃபாக்ஸ் போய்ச் சேர்வது திட்டம். லக்சனாவுக்கு அங்கே பொறியியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் விடுதியில் போய் நின்று அறைச் சாவியை வாங்கவேண்டும். தவறினால் அறை வேறொரு பிள்ளைக்குப் போய்விடும். அவளுக்கு இடம் கிடைத்தது, சாமியாரைக் கொண்டு பூசை முடிவில் கோயில் முழுவதற்கும் அறிவிப்பித்த விஷயம்.

வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், விவசாயம் படிக்கவும் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. "தோட்டம் கொத்தவோ பிள்ளை கனடாவுக்கு வந்தனாங்கள்?" என்று கேட்டு ஞானேந்திரன் சிரித்தார். லக்சனாவும் சிரித்தாள். அந்தக் கதை அதோடு முடிந்தது.

லக்சனாதான் ஹோஸைப் பிடித்துத் தாங்கியை நிரப்பினாள். மோட்டர்ஹோமின் அடுப்புக்கு மேலே ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் தண்ணீரின் அளவுக்கு ஏற்ப ஒன்று முதல் நான்கு விளக்குகள் எரியும். நான்கும் எரிந்தன. ஞானேந்திரன் அந்தச் சந்தோசத்துக்காகவே இன்னும் இரண்டு தடவை அழுத்தினார்.

"இஞ்சாருங்கோ," என்றாள் திரேசம்மா, "பயணத்துக்குக் காவலா நான் ஒரு வேலை செய்துபோட்டன்."

"என்னப்பா செய்தனீர்?"

"மடு மாதா கோயில் தீர்த்தம் வைச்சிருந்தனெல்லே. முழுப்போத்திலையும் தாங்கிக்குள்ள விட்டிட்டன். இனி உள்ளுக்கை இருக்கிறது முழுக்க மந்திரிச்ச தண்ணி."

ஞானேந்திரனுக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. லக்சனாதான் மெதுவாகச் சொன்னாள்:

"அம்மா, கக்கூசுக்கும் அந்தத் தாங்கியில இருந்துதான் தண்ணி போகும்."

மூவரும் அந்தச் சின்னக் கழிப்பறைக் கதவைப் பார்த்தார்கள். திரேசம்மா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டாள்.

கோயில் பீட அலுவல்களைப் பார்க்கும் பத்திநாதருக்குத் தொலைபேசி போனது. எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரு சட்டம் இருக்கும்.

"வாய்க்காலுக்குள்ள விடப்படாது. தாருக்கு மேலயும் விடப்படாது," என்றார் பத்திநாதர். "மண்ணில விடவேணும். வேர் குடிக்கவேணும். ஏன் ஞானேந்திரன், உம்மட மனுசிக்கு விசரே?"

வீட்டு முன்பக்கம் முழுவதும் தார். கிட்ட இருந்த ஒரே மண், கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் செலீனின் தக்காளிப் பாத்தி. செலீன் இளைப்பாறிய ஆசிரியை. மழையில்லாத அந்த ஆகஸ்டில் அவளுடைய செடிகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. லக்சனா வேலியில் நின்று பிரெஞ்சில் விஷயத்தை விளக்கினாள்.

"என் தக்காளிகளுக்கு இதுவரை யாரும் ஞானஸ்நானம் கொடுத்ததில்லை," என்றாள் செலீன். "விடு, விடு."

லக்சனா மோட்டர்ஹோமின் கீழே ஊர்ந்துபோய், தாங்கியின் அடியில் இருந்த திருகுவாயில் ஹோஸை மாட்டி, மறுமுனையை வேலிக்கு அப்பால் போட்டாள். நூற்றைம்பது லீற்றரும் சத்தமில்லாமல் மண்ணுக்குள் போயின. பிறகு ஞானேந்திரன் தாங்கியைத் திரும்பவும் நிரப்பினார். நான்கு விளக்குகள். நிம்மதியாகப் படுத்தார்.

வியாழன் காலை பொத்தானை அழுத்தியபோது ஒரேயொரு விளக்கு எரிந்தது.

"அந்த லைட் சிலநேரம் பொய் சொல்லும் அண்ணை," என்றான் கிறகரி தொலைபேசியில். "சும்மா கொஞ்சம் விட்டுப்பாருங்கோ."

விட்டுப்பார்த்தார். தாங்கி குடித்துக்கொண்டே இருந்தது. விளக்கு பொய் சொல்லவில்லை. தாங்கி உண்மையாகவே வெறுமையாகக் கிடந்திருக்கிறது. அப்படியென்றால் ஒழுக்கு. ஒழுகும் தாங்கியோடு ஞானேந்திரன் எப்படிப் புறப்படுவார்? பயணப்பையோடு ஏறிய திரேசம்மா பயணப்பையோடு இறங்கினாள்.

வேலை முடிந்து பின்னேரம்தான் கிறகரியால் வரமுடிந்தது. கீழே ஊர்ந்துபோனவன் சேட்டில் புழுதியோடு வெளியே வந்தான்.

"ஒரு சொட்டு ஈரம் இல்லை அண்ணை."

"பின்னை தண்ணி எங்கை போச்சு?"

"நான் விட்ட தீர்த்தம் கோவிச்சுக்கொண்டு போட்டுது," என்றாள் திரேசம்மா.

கிறகரி எல்லா மூட்டுகளிலும் ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டுப் போனான். தாங்கி மறுபடி நிரம்பியது. ஞானேந்திரன் அதன் கீழே பழைய செய்தித்தாள்களை விரித்தார். எந்த இடத்தில் ஒழுகினாலும் காலையில் தாள் காட்டிக்கொடுத்துவிடும்.

"ஒருநாள் பிந்தினால் என்ன அப்பா நடக்கும்?" என்று கேட்டாள் லக்சனா, தாளின் மறுமுனையைப் பிடித்தபடி.

"அறை போயிடும்."

"ஓம். அறை போயிடும்," என்றாள் அவள், பாடமாக்குகிறவளைப்போல.

வெள்ளி காலை ஒரு விளக்கு. தாள்கள் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தன.

ஞானேந்திரன் மனைவியைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கிறியள்?"

"உண்மையைச் சொல்லும். திரும்பவும் தீர்த்தம் விட்டுப்போட்டுப் பயத்தில திறந்துவிட்டனீரோ?"

"அந்தோனியார் மேல சத்தியமா இல்லை! இருந்தது ஒரு போத்தில். அதையும் செலீன்ர தக்காளி குடிச்சிட்டுது."

"பிள்ளை போறதை நினைச்சு மூண்டு நாளா அழுதுகொண்டிருக்கிறது நீர்தானே."

"அழுதால் தாங்கி நிரம்பவெல்லோ வேணும்! குறையுமே?"

 ஞானேந்திரன் திரும்பிப் பார்த்தால், லக்சனா வேலியடியில் நின்று செலீனோடு சேர்ந்து செடிகளுக்குக் கம்பு கட்டிக்கொண்டிருந்தாள். தக்காளிகள் நிமிர்ந்து நின்றன. அவருக்குக் கோபம் வந்தது.

"பிள்ளை! இஞ்சை தலை போகுது, அங்கை என்ன தோட்டம்?"

அவள் கையிலிருந்த நூலைச் செலீனிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

இனி ஒரே வழிதான் இருந்தது. ஞானேந்திரன் தாங்கியை நிரப்பினார். ஒழுகினாலும் சமாளிக்கவென்று வீட்டில் இருந்த பத்துக் கலன்களிலும் நிரப்பி மேசைக்குக் கீழே அடுக்கினார். பிறகு ஒரு கதிரையைப் போட்டு மோட்டர்ஹோமைப் பார்த்தபடி காவலுக்கு இருந்தார். மற்ற இருவரும் அரிசி மூட்டை, மெத்தை, உறையவைத்த இறைச்சிக் கறி என்று ஏற்றினார்கள். லக்சனா இரண்டு தடவை அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து, "உள்ளுக்கை போய்க் கொஞ்சம் படுங்கோவன் அப்பா" என்றாள். அவர் அசையவில்லை. நல்ல பிள்ளை, களைப்பு அறிந்து கேட்கிறாள் என்று நினைத்தார்.

மத்தியானம் புறப்பட்டார்கள். செலீன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுடைய யன்னல்கள் மூடியிருந்தன. கையசைக்க ஒருவரும் இல்லை.

லக்சனா முன்னிருக்கையில் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். கியூபெக் நகரம் தாண்டியதும் அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, ஒண்டு கேக்கட்டே?"

"தண்ணியைப் பற்றியெண்டால் கேளாதை பிள்ளை. எனக்கு விசராக்கிடக்கு."

 "தண்ணியைப் பற்றித்தான்," என்றாள்.

"அப்ப கேளாதை."

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆற்றங்கரையை விட்டுப் பாதை மலைப்பக்கம் திரும்பியதும் மோட்டர்ஹோம் முனகத் தொடங்கியது. பின்னால் லொறிகள் கோர்ன் அடித்தன. ஓர் ஏற்றத்தில் சைக்கிள்காரன் ஒருவன் அவர்களை முந்தினான். முந்தும்போது மரியாதைக்குக் கையும் காட்டினான். இயந்திரத்தின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. ஞானேந்திரன் ஓரங்கட்டிவிட்டுக் கிறகரியைத் தொலைபேசியில் பிடித்தார்.

"எவ்வளவு தண்ணி வைச்சிருக்கிறியள்?"

ஞானேந்திரன் மோட்டர்ஹோமைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணை?"

"முழுக்க."

"அவ்வளவும்தானே?"

"பத்துக் கலனும் இருக்கு."

மொன்றியலில் கிறகரி விட்ட பெருமூச்சு அந்த மலைவரை கேட்டது. "எல்லாத்தையும் ஊத்துங்கோ. இல்லாட்டில் சனிக்கிழமை இல்லை, அடுத்த கிழமையும் போய்ச் சேரமாட்டியள்."

ஞானேந்திரனே கீழே ஊர்ந்துபோய்த் திருகுவாயைத் திறந்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் தெருவோரப் புல்லுக்குள் இறங்கி ஓடியது. கலன்களையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்.  திரேசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லக்சனா மட்டும் சரிவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையுமே அப்பா?"

"எல்லாத்தையும்."

"அப்ப தண்ணி இல்லாமலோ போகப்போறம்?"

"நேரமில்லை பிள்ளை. ஏறு."

அவள் உடனே ஏறவில்லை. முன்பின் தெரியாத ஓர் ஆளைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள். பிறகு ஏறி, முன்னிருக்கையில் அல்ல, பின்னால் போய் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தாள்.

மீதி வழி முழுவதும் அவர்கள் பெற்றோல் நிலையங்களில் வாங்கிய பணிஸைத் தின்றார்கள். கடுதாசியோடு அலுவலை முடித்தார்கள். அதைப் பற்றி அந்தக் குடும்பத்தில் அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

சனிக்கிழமை, நேரம் முடிவதற்குச் சற்று முன்னே, ஹலிஃபாக்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். ஞானேந்திரன் வென்றுவிட்டார். அறை சின்னது, யன்னலுக்கு வெளியே கார்கள் நிறுத்தும் இடம் தெரிந்தது. "நல்ல வெளிச்சமான அறை," என்று நாலைந்து தடவை சொன்னார். திரேசம்மா மெத்தையை விரித்துவிட்டு அதன்மேலேயே இருந்து அழுதாள்.

லக்சனா வாசல்வரை வந்தாள்.

"திரும்பிப் போகேக்க தண்ணி நிரப்பிக்கொண்டு போங்கோ அப்பா," என்றாள்.

"எவ்வளவு?" என்று பகிடியாகக் கேட்டார்.

"முழுக்க."

மோட்டர்ஹோமை எடுத்தபின் பக்கக் கண்ணாடியில் பார்த்தபோது, விடுதி வாசலில் இருந்த காய்ந்த பூச்சாடிக்குள் அவள் தன் போத்திலில் மிஞ்சியிருந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சொன்னபடியே நிரப்பினார். சாமான் இறக்கிய மோட்டர்ஹோம் அந்தத் தண்ணீரோடும் மெல்லமெல்ல ஏறியது. திரேசம்மா சமைக்கவில்லை. தேத்தண்ணிகூட வைக்கவில்லை. நிறுத்திய இடமெல்லாம் ஞானேந்திரன் பொத்தானை அழுத்திப் பார்த்தார். நான்கு விளக்குகள். ரொக்ஸ்பரோ வந்து சேர்ந்தபிறகும் நான்கு விளக்குகள். போகுமுன் தாள் விரித்தும் பிடிக்கமுடியாத ஒழுக்கு, வரும்போது தானாகவே நின்றிருந்தது. அவர் வாசலில் நின்று அதை யோசித்துக்கொண்டிருந்தார்.

"பொன்ஜூர்!" வேலிக்கு அப்பால் செலீன் ஒரு கூடையோடு நின்றாள். கூடை நிறைய, உள்ளங்கை கொள்ளாத அளவில், இரத்தச் சிவப்பில் தக்காளிகள். பின்னால் செடிகள் காய் தாங்காமல் வளைந்து நின்றன. "லக்சனாவைக் கூப்பிடுங்கள். இது அவளுக்கு."

"அவள் ஹலிஃபாக்ஸில்," என்றார் ஞானேந்திரன், தன் பண்டகசாலைப் பிரெஞ்சில். "சனிக்கிழமை கொண்டுபோய் விட்டோம்."

செலீனின் சிரிப்பு நின்றது. கூடையை மெதுவாக வேலிக்கம்பத்தின் அடியில் வைத்தாள்.

"போய்விட்டாளா? வியாழனும் வெள்ளியும் விடியற்காலையில் அவள்தானே அந்தத் தாங்கியைத் திறந்து என் செடிகளுக்கு விட்டாள்... தண்ணீர் இல்லாமல் அப்பா ஒரு அடி எடுத்துவைக்க மாட்டார் என்று சொன்னாளே!"