ரெண்டு சாட்சி அண்ணாச்சி

கோவில்பட்டியில் ஒரு செய்தி உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஒரே ஒரு மனிதரிடம்தான் இருந்தது. அதை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். இன்றைக்குச் சூரியன் கிழக்கே உதித்தது என்று நீங்கள் போய்ச் சொன்னால்கூட, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "பாத்தது யாரு? ரெண்டு பேரு சொல்லும்" என்பார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அவர் எழுதிய பத்திரங்களின் கடைசிப் பக்கத்தில் அது இருக்கும். ஊருக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. "ரெண்டு சாட்சி வாராரு, பேச்சை மாத்து" என்றால் டீக்கடையில் எல்லோருக்கும் விளங்கிவிடும்.

பத்திரப் பதிவு ஆபீசுக்கு எதிரே அப்போது நான் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருந்தேன். என் கடை வாசலில் ஒரு மேஜையும் மடக்கு நாற்காலியும் போட்டு அவர் உட்கார்ந்திருப்பார். அவர் கையால் எழுதிக் கொடுப்பார், நான் டைப் அடிப்பேன். வீட்டையோ காட்டையோ விற்றால், அந்தப் பத்திரத்தில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும் அல்லவா? நாற்பது வருஷம் அதையே பார்த்துப் பார்த்து, பத்திரத்துக்கு வெளியே இருக்கிற உலகமும் அதே விதிப்படிதான் நடக்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பாவம், உலகத்துக்கு அது தெரியாது.

டீக்கடைக்காரர் ஒருநாள் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார். "அண்ணாச்சி, எனக்குப் பேத்தி பொறந்திருக்கா!" என்று கடலைமிட்டாய்ப் பாக்கெட்டை நீட்டினார்.

"நேர்ல பாத்தீரா?"

"போன்ல போட்டோ வந்துச்சு அண்ணாச்சி."

"போட்டோ சாட்சியாகாதுவே. நீரும் உம்ம வீட்டுக்காரியும் போயி பிள்ளையப் பாத்துட்டு வாங்க. பொறவு நான் மிட்டாயத் திங்கேன்."

மனுஷர் கடையைச் சாத்திவிட்டு அன்றைக்கே சம்சாரத்தோடு கயத்தாறுக்கு பஸ் ஏறினார். திரும்பி வந்து இரண்டு பேரும் வரிசையில் நின்று, பிள்ளை பிறந்தது மெய்தான் என்று வாக்குமூலம் கொடுத்த பிறகே அண்ணாச்சி மிட்டாயைக் கடித்தார்.

திருப்பூரில் இருக்கிற மகள் அவருக்கு ஒரு டச் போன் வாங்கி அனுப்பினாள். நீங்களும் நானும் என்ன செய்வோம்? 'சம்மதிக்கிறேன்' என்று வருகிற இடத்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிவிட்டுப் படம் பார்க்கப் போவோம். அண்ணாச்சி அமுக்கவில்லை. அந்த நிபந்தனைகள் அத்தனையையும் என்னை பிரிண்ட் எடுக்க வைத்து, ஒவ்வொரு வரிக்கும் தமிழில் அர்த்தம் கேட்டார். மூன்று நாள் என் பிழைப்பு கெட்டது.

"எழுதிக் குடுக்கவன் கையெழுத்து இருக்கா தம்பி இதுல?"

"கம்பெனி அண்ணாச்சி. கையெழுத்தெல்லாம் போடாது."

"அவன் போடமாட்டான், நான் மட்டும் சம்மதிக்கணுமோ? நல்லா இருக்கே கத! இதென்ன, இருப்பிடத்தைக் காட்டலாமான்னு கேக்குது?"

"நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கிடும்."

"எதுக்கு? எங்க வீட்டை விலைக்கு வாங்கப் போறானா?"

கடைசிவரை அவர் போனுக்கு அவர் எங்கே இருக்கிறார் என்பது தெரியாது. கோவில்பட்டியில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

பேங்கில் இருந்து பேசுவதாகச் சொல்லி ரகசிய நம்பர் கேட்கிற திருட்டுப் பயல்கள் உண்டு அல்லவா? அவர்களில் ஒருவன் விதி முடிந்து அண்ணாச்சியைக் கூப்பிட்டான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "தாரேன் தம்பி, தாராளமா தாரேன்" என்று பேனாவைத் திறந்தார். "உம்ம பேரு? தகப்பனார் பேரு? வயசு? கதவு எண்? தாலுகா? சரி, சாட்சிக்கு பக்கத்துல யாரு இருக்கா? அவிய கிட்ட போனைக் குடும்." தாலுகா வரைக்கும் தாக்குப்பிடித்தவன், சாட்சி என்றதும் போனை வைத்துவிட்டான். அண்ணாச்சிக்கு ஒரே மனவருத்தம். "முழுசா சொல்லாம வச்சுட்டானே!" என்று அன்று முழுக்கப் புலம்பினார்.

டி.வி. செய்தி அவரிடம் பட்ட பாட்டைச் சொன்னால் பக்கம் போதாது. எங்கள் பக்கம் கரிசல் காடு. வானம் பார்த்துத்தான் விதைப்பு. ஒரு புரட்டாசியில், தென் மாவட்டங்களில் கனமழை என்று டீக்கடை டி.வி.யில் ஒரு பெண் சொன்னாள். உளுந்து விதைக்க வேண்டியவர்கள் எழுந்து ஓடப் பார்த்தார்கள்.

"இரிங்கலே. அந்தப் பிள்ள எங்கன இருந்து சொல்லுது? மெட்ராஸ்ல, ஏசி ரூம்புல இருந்து. அங்கன ஒரு சன்னலாவது உண்டுமா?" என்ற அண்ணாச்சி, கயத்தாறில் ஒரு சினேகிதருக்கும் குளத்தூரில் மச்சினருக்கும் போன் போட்டார். கயத்தாறில் தூறல். குளத்தூரில் வெறும் மேகம். "ஒரு சாட்சிதான் தேறுது. மழைன்னு ஒத்துக்கிட முடியாது" என்று தெருவில் இறங்கிக் கையை விரித்தார். அந்த நிமிஷமே கொட்டியது பாருங்கள்! எல்லோரும் கூரைக்குள் ஒதுங்கிவிட்டோம். அண்ணாச்சி மட்டும் வேட்டி உடம்போடு ஒட்ட, நடுத்தெருவில் அசையாமல் நின்றார்.

"அண்ணாச்சி, உள்ள வாங்க!"

"இப்ப நான் ஒரு சாட்சி ஆச்சு. இன்னொருத்தன் வெளிய வாங்கலே!"

யாரும் போகவில்லை. மூன்று நாள் தும்மினார்.

எங்கள் கடைவரிசைக்கும் பின்னால் இருக்கிற இரண்டு தெருவுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. யார் எதைப் போட்டாலும் அதன் கீழே அண்ணாச்சியின் பதில் வந்து விழும்: "பார்த்தவர் யார்? இருவர் பெயர் தருக." பப்பாளி இலை சகல வியாதிக்கும் மருந்து என்று ஒருவர் போட்டால், குணமான இருவர் பெயர் தருக என்பார். உலகம் வெள்ளிக்கிழமை அழியப்போகிறது என்று யாரோ போட்டதற்கும் இதே பதில்தான். நாங்கள் சிரிக்கிற பொம்மையை வரிசையாகப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அவரைக் கிண்டல் செய்வதில் நான்தான் முதல் ஆள்.

அந்தக் குரூப்பில்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். பிளாஸ்டிக் வாளிகள் கட்டிய ஒரு பைக்கோடு ஒருவன் நிற்கிற மங்கலான படம் எனக்கு வந்தது. 'பழைய செல்போன் வாங்குவதுபோல் வந்து குழந்தைகளைத் தூக்கும் கும்பல், உஷார்' என்று எழுதியிருந்தது. யார் எடுத்தது, எந்த ஊர், ஒன்றும் கிடையாது. நமக்கெதற்கு வம்பு, சொல்லிவைப்பது நல்லதுதானே என்று குரூப்புக்குத் தள்ளிவிட்டேன். அண்ணாச்சி வழக்கம்போல இருவர் பெயர் கேட்டார். நான் வழக்கம்போல சிரிக்கிற பொம்மை போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கூடம் விடுகிற நேரம். "உடைஞ்ச செல்போனுக்கு வாளி, குடம், டப்பா!" என்று ஒலிபெருக்கியில் பாடவிட்டபடி ஒரு மனிதர் பைக்கில் வந்தார். நாற்பது வயது இருக்கும். என் கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தினார். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு சின்னப்பிள்ளை, வண்டியில் தொங்கிய சிவப்பு வாளியைத் தொட்டுப் பார்த்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

"ஐயையோ, எம்பிள்ள!" என்று அந்தப் பிள்ளையின் தாய் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். பெற்றவளின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பயத்தை அவளுக்கு அனுப்பிவைத்தவனே நான்தானே. ஐந்து நிமிஷத்தில் ஐம்பது பேர். யாரோ பைக் சாவியைப் பிடுங்கினார்கள். யாரோ சட்டைக் காலரைப் பிடித்தார்கள். வாளிகள் தெருவெல்லாம் உருண்டன.

"நான் வேலூர்ப் பக்கம்யா! புள்ளகுட்டிக்காரன்யா! வுட்ருங்கய்யா!"

"பேச்சே நம்ம ஊருப் பேச்சு இல்ல பாருலே!"

"டைப் ஆபீஸ்காரரே போட்டிருக்காரு. படிச்ச மனுஷன் பொய்யா சொல்லுவாரு?" என்று ஒருவன் போனைத் தூக்கிக் காட்டினான்.

டைப் ஆபீஸ்காரர் என்ன செய்தார் தெரியுமா? ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பொய் என்று சொன்னால் கூட்டம் என் பக்கம் திரும்பும். சொல்லாவிட்டால் அந்த ஆளைக் கொன்றே போடுவார்கள். மிஷினை விட்டு நான் வெளியே வரவில்லை. வெட்கக்கேடு.

அண்ணாச்சி எழுந்தார். டீக்கடைக்காரரிடம், "ஸ்டேஷனுக்குப் போனைப் போடும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மடக்கு நாற்காலியை இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார். காலர் பிடிபட்டிருந்த மனிதருக்கு முன்னால் நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். எழுதுகிற அட்டையில் ஒரு பச்சைத் தாளைச் செருகினார். பத்திரத்துக்கு வைக்கிற தாள்.

"எல்லாம் முறைப்படி நடக்கட்டும். நான் எழுதுதேன்."

"எழுத்து என்ன அண்ணாச்சி எழுத்து! ரெண்டு போட்டா எல்லாத்தையும் கக்கிருவான்."

"போடு. யாரு வேண்டாம்னா? போடுதவன் பேரைச் சொல்லு, எழுதிக்கிடுதேன். நாளைக்குக் கோர்ட்டுல அடிச்சது யாருன்னு கேப்பாம்லா?"

"மாரியப்பன்."

"தகப்பனார் பேரு?"

"அப்பா பேரு எதுக்கு அண்ணாச்சி?"

"ஊருக்குள்ள எத்தன மாரியப்பன் இருக்கான்! எந்த மாரியப்பன் அடிச்சான்னு தெரிய வேண்டாமா? கதவு எண்ணையும் சொல்லு."

மாரியப்பனுக்கு, வண்டியை வெயிலில் விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. போய்விட்டான். அண்ணாச்சி அடுத்தவனைப் பார்த்தார். "நீ சுப்பையா மகன்தானலே? உங்க வீட்டுப் பத்திரம் நான் எழுதுனது. உன் கதவு எண் எனக்கே தெரியும், இரு." காலரைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. இப்படியே ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். குரல் ஏறவில்லை. பத்திர ஆபீசில் எப்படிக் கேட்பாரோ, அப்படியேதான்.

"போட்டோ இருக்கே அண்ணாச்சி! டைப் ஆபீஸ்காரர் அனுப்புனதுதான!" என்று ஒருவன் விடவில்லை.

கூட்டம் மொத்தமும் என் கடையைப் பார்த்தது. அண்ணாச்சியும் பார்த்தார். மிஷினுக்குப் பின்னால் இருந்து எப்படி வெளியே வந்தேன் என்று எனக்குத் தெரியாது.

"தம்பி, நீ நேர்ல பாத்தியா?"

"இல்ல அண்ணாச்சி."

"சத்தமாச் சொல்லு."

"பாக்கல அண்ணாச்சி! யாருன்னு எனக்குத் தெரியாது. போன்ல வந்துச்சு, யோசிக்காம அனுப்பிட்டேன். தப்பு என்னுதுதான்!"

என்னை நாலு பேர் நாலு வார்த்தை கேட்டார்கள். கேட்கவேண்டியதுதான். பிள்ளையைப் பெற்றவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது. ஆனால் அடிக்கிற வேகம் அதோடு போய்விட்டது. போலீஸ் ஜீப் வந்தபோது பத்துப் பேர்கூட இல்லை. இருந்தவர்கள் வாளி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலூர்க்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார். பாதி டீ அவர் சட்டையில் சிந்தியது. டம்ளரை நான் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் டீயைக் குடித்தார். போலீசார் விசாரித்துவிட்டு, பைக் சாவியை வாங்கிக் கொடுத்து, அவருடைய வண்டிக்குத் துணையாக ஊர் எல்லைவரை போய் அனுப்பிவைத்தார்கள்.

எல்லாம் அடங்கிய பிறகு, மேஜைமேல் கிடந்த அந்தப் பச்சைத் தாளை எடுத்துப் பார்த்தேன். அண்ணாச்சியின் கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அந்தத் தாளில் ஒரு பெயர் இல்லை, ஒரு எழுத்து இல்லை. மேலிருந்து கீழ்வரை வெறும் கிறுக்கல். பேனா நடுங்கி நடுங்கி ஓடிய தடம்.

"என்ன அண்ணாச்சி இது?"

"பயந்துட்டேன் தம்பி" என்றார். "அவ்வளவு பேரு. கை நிக்கவே இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னைய ரெண்டு வார்த்த திட்டிருங்க அண்ணாச்சி" என்றேன்.

"சத்தமாச் சொன்னேல்லா? போதும், கடையைச் சாத்து. வீட்டுக்குப் போவோம்."

நாற்காலியை நான் எடுத்துக்கொண்டேன். மெயின் ரோட்டைத் தாண்டும்போது என் மணிக்கட்டைப் பிடித்தவர், வீடு வருகிறவரை விடவில்லை. வழியில் பார்த்தவர்கள் எல்லாம், நான் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். கூட்டிப்போனது அவர்தான்.