ஏலக்காய் விற்க ஒரு குடும்பம்

தனியாக இருப்பவன் விருந்தாளிக்குச் சோறு சமைக்கலாம். சொந்தக்காரர்களைச் சமைக்கக் கூடாது. நான் சமைத்தேன்.

போடியில் எனக்கு ஏலக்காய் வியாபாரம். அப்பா அம்மா இல்லை, தங்கை கனடாவில், கல்யாணம் கைகூடவில்லை. பினாங்கிலிருந்து ஒரு சீனக் குடும்பக் கம்பெனியின் மகள் என் கடையைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. பிடித்துப்போனால் வருஷா வருஷம் என்னிடமே சரக்கு எடுப்பார்களாம். பினாங்கில் வேறு இடத்தில் வேலை பார்க்கும் நண்பன் போனில் எச்சரித்தான்.

"அவுக கம்பெனியில கொள்முதல் அப்பா, குடோனு அண்ணன், கல்லா மருமக. வெளியாளுக்கு எடமே இல்ல. மத்தியானம் ஒண்ணா சாப்பிடும்போதுதான் வியாபாரமே முடிவாகும். ஒண்டிக்கட்டைன்னா யோசிப்பாக மாப்ளே. நாளைக்கு நீ படுத்துட்டா யாரு பதில் சொல்றதும்பாக."

குடும்பத்துக்கு எங்கே போவது? கடையில் காய் தரம் பிரிக்கும் பாண்டியம்மாளிடமும், மலையிலிருந்து ஜீப்பில் லோடு இறக்கும் அவர் கணவர் முருகேசனிடமும் போய் நின்றேன்.

"ஒரு நாளைக்கு எனக்கு அக்காவா இருக்கணும்."

"எப்பவும் அக்கான்னுதான கூப்பிடுறீக. புதுசா என்ன சோலி?"

"எங்க வீட்டுல ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்."

பாண்டியம்மாள் திரும்பி முருகேசனைப் பார்த்தார். (இத்தனை வருஷத்தில் அவர்களை ஒரு நாளும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.)

விருந்து நாளும் வந்தது. கடையைப் பார்த்துவிட்டுச் சாப்பிட வந்த பினாங்கு அம்மணிக்கு இருவரையும் அக்கா, மச்சான் என்று அறிமுகப்படுத்தினேன். ஜீப்பில் ஏறினால் ஊரையே கூப்பாடு போட்டு ஒதுக்கும் முருகேசன், நாற்காலி நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர் எடுக்க எழுந்தால் இருவரும் எழுந்தார்கள். உட்கார்ந்தால் உட்கார்ந்தார்கள். அப்பளம் எடுக்கப் போனபோதும் அதே கூத்து. என் ரசத்தில் உப்பே இல்லை. அதையும் அருமை என்று குடித்தார்கள்.

பினாங்கு அம்மணி கையைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்கள் அக்கா ஏன் உங்களைத் திட்டவே இல்லை? எங்கள் வீட்டில் யாராவது திட்டு வாங்காமல் சாப்பாடு முடிந்ததே கிடையாது."

கேள்வியை அவர்களுக்குத் தமிழில் சொன்னேன். முருகேசன் காப்பாற்றப் பார்த்தார். "முதலாளி ரொம்ப நல்லவருங்க."

பினாங்கில் தமிழர்களோடு வளர்ந்தவருக்கு 'முதலாளி' என்ற அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. சிரித்தார், நன்றி சொன்னார், போய்விட்டார். ஆர்டரும் கூடவே போனது.

அக்காவும் மச்சானும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகக் கிளம்பினார்கள். ஆர்டர் போனதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. கொஞ்ச நேரம் ஆள் அரவம் இருந்த வீடு மறுபடி வெறிச்சென்று ஆனதுதான் தாங்கவில்லை.

இப்போதெல்லாம் கடையில் டிபன் பாக்ஸைத் திறந்து, "அக்கா, வாங்க சாப்பிடலாம்" என்பேன். காய் பிரிக்கும் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். "இன்னைக்கு எந்த ஊர்க்காரவுக வர்றாக முதலாளி?" என்று கேட்பார் பாண்டியம்மாள்.

யாரும் வரவில்லை என்று சொன்னால் நம்புவதில்லை.