கை நனைக்காத ஊழியம்

தோட்டத்தில் வந்து இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் தோட்டக் கணக்கு எழுதுகிற கிராணி ராஜசேகரன் ஒரு காகிதத்தை எடுத்து ஞானாபரணத்தின் கையில் கொடுத்துவிட்டார்.

"இது என்ன சார்?"

"உங்க சாப்பாட்டு முறை, தம்பி. நீங்க இருக்கப்போற ஏழு நாளைக்கும் போட்டிருக்கேன். இன்னைக்கு மத்தியானம் அர்ச்சுனன் வீடு, ராத்திரி காளியப்பன் வீடு, நாளைக்குச் செல்லப்பன் வீடு. அப்படியே லயம் முழுக்க ஒரு சுத்து."

ஞானாபரணம் காகிதத்தை மேலிருந்து கீழே படித்தான். மறுபடியும் கீழிருந்து மேலே படித்தான்.

ஆள் கெட்டவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தொரு வயசு, பாளையங்கோட்டையில் கல்லூரிப் படிப்பு, பாட்டு நன்றாக வரும். அந்த முப்பத்தி நாலாம் வருஷத்துக் கோடை விடுமுறையில், மலாயாத் தோட்டங்களில் இருக்கும் தமிழர்களுக்குச் சுவிசேஷம் சொல்ல மூன்று மாணவர்களைக் கப்பலேற்றினார்கள். முதலில் கையைத் தூக்கியவன் இவன்தான். மற்ற இரண்டு பேரும் பத்து பாகாட், யோங் பெங் என்ற ஊர்களுக்குப் போனார்கள். ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் இவன் பங்குக்கு வந்தது.

கப்பலேறுவதற்கு முந்தின நாள் அவன் அம்மா செய்த காரியம்தான் எல்லா வினைக்கும் காரணம். வீட்டு வேதாகமத்தை எடுத்து வந்து, அதன் மேல் அவன் கையை வைத்துச் சத்தியம் வாங்கிவிட்டாள்.

"யாருக்கு வேணும்னாலும் பிரசங்கம் பண்ணு. ஆனா கண்ட சாதிக்காரன் வீட்டுல கை நனைச்சேன்னு காதுல விழுந்துச்சு, திரும்பி இந்த வாசப்படி ஏறாதே."

மூன்று தலைமுறைக்கு முன்பே அந்தக் குடும்பம் வேதத்துக்கு வந்துவிட்டது. ஆட்கள் எல்லாரும் ஞானஸ்நானம் எடுத்தார்கள். சாதி மட்டும் எடுக்கவில்லை. ஞானாபரணத்துக்கு இதில் கூச்சம் உண்டு. ஆனால் தோட்டக் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தால் கூச்சத்தைவிடக் குமட்டல்தான் முந்திக்கொண்டு வந்தது. இதை வெளியே சொல்லவும் முடியாது. சொன்னால் பிரசங்கத்துக்கு ஈ காக்கை வராது. கல்லூரிக்குத் தெரிந்தால் ஊழியம், பேர் எல்லாம் அதோடு போச்சு.

"சார், உங்க வீட்டிலேயே ஏதாவது..." என்று இழுத்தான்.

"சம்சாரம் பிரசவத்துக்கு ஜொகூர் பாருவுக்குப் போயிருக்கா. நானே ரெங்கத்துச் சீனக் கடையிலதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். ஏன், லயத்துச் சாப்பாடு ஒத்துக்காதா?"

"சேச்சே. அப்படியெல்லாம் இல்ல சார். எனக்கு இன்னைக்கு உபவாசம்."

வாயில் வந்தது அதுதான். வந்ததும் நல்ல பதிலாகத்தான் பட்டது.

"விரதமா?" என்றார் வாசலில் நின்ற கங்காணி வீரமுத்து. லயத்துக்கு நல்லது கெட்டது பேசுகிற பெரிய மனிதர் அவர். "எத்தனை நாளைக்குங்க?"

ஒரு நாள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்குச் செல்லப்பன் வீடு. ஞானாபரணம் காகிதத்தின் கடைசி வரியை ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

"ஏழு நாள்."

கிராணி வாயைப் பிளந்தார். வீரமுத்துவின் முகமோ சட்டென்று மலர்ந்தது. "பழம், இளநீர்?" என்று கேட்டார்.

"தண்ணி மட்டும். அதையும் நானே குழாயில பிடிச்சுக்குவேன்."

"போன வருஷம் ஒரு பண்டாரம் வந்தாரு. அவருகூட நேரத்துக்கு ஒரு சொம்பு பால் குடிச்சாருங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீரமுத்து லயத்துப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

ஞானாபரணத்துக்கு உள்ளூர தைரியம்தான். அவனுக்கென்று ஒதுக்கிய பள்ளிக்கூடக் கொட்டகையில், பெட்டிக்குள், அம்மா கொடுத்தனுப்பிய தகர டப்பா இருந்தது. அவல், வெல்லம், முறுக்கு. போதாததற்கு நாலு மைலில் ரெங்கம் டவுன். ஏழு நாளை ஓட்டுவது ஒரு பெரிய காரியமா?

அன்று சாயங்காலம் பெரட்டுக் களத்தில் கூட்டம். விடியற்காலையில் ஆள் கணக்கு எடுக்கிற அந்த மைதானத்தில் லயமே திரண்டு உட்கார்ந்திருந்தது. 'நாம் எல்லாரும் ஒரே அப்பத்தில் பங்குள்ளவர்கள்' என்பதுதான் பிரசங்கம். கப்பலிலேயே மனப்பாடம் பண்ணியது. அப்பம் என்ற வார்த்தை வருகிற இடத்தில் எல்லாம் அவன் வயிறு சத்தம் போட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் அதையும் பயபக்தியாகக் கேட்டுக்கொண்டார்கள்.

கொட்டகைக்கு வந்து டப்பாவைத் திறந்தான். உள்ளே சிவப்பெறும்பு. அவல் எது, எறும்பு எது என்று பிரிக்க முடியாத அளவுக்கு எறும்பு. அப்படியே மூடி வைத்துவிட்டுத் தண்ணீரைக் குடித்தான்.

மறுநாள் லயத்தில் எந்த வீட்டுக் கூரையிலும் புகை இல்லை.

"இன்னைக்கு ஏதும் விசேஷமா கங்காணி? அடுப்பே எரியலையே?"

"வந்தவுக பட்டினி கெடக்கையில நாங்க எப்படிங்க ஒலை வைக்கிறது?" என்றார் வீரமுத்து. "நேத்து உங்க கூட்டம் முடிஞ்சதும் எல்லாரும் உக்காந்து பேசினோம். ஏழு நாளைக்கும் லயத்துல யாரும் அடுப்பு மூட்டக் கூடாதுன்னு முடிவாயிருச்சு. பச்சப் புள்ளைகளுக்கு மட்டும் ஆயாக்கொட்டகையில கஞ்சி. மத்தவங்க ஏதோ பொரிகடலை, வெல்லம்னு கடிச்சுக்குவோம்."

ஞானாபரணத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேண்டவே வேண்டாம். நீங்க உழைக்கிறவங்க. கர்த்தர் உங்ககிட்ட இதைக் கேக்கலையே."

"உங்ககிட்ட மட்டும் கேட்டாரா?"

அன்றைய பிரசங்கத்தைச் சாப்பாட்டைப் பற்றியே வைத்துக்கொண்டான். உண்பது பாவமில்லை, உழைப்பவன் வயிறார உண்ண வேண்டும் என்று தொண்டை கட்டுகிற மட்டும் பேசினான். பேசி முடித்ததும் காளியப்பன் எழுந்து நின்றார். "ஐயா, உங்களுக்கு அது பாவமில்லைன்னா, நீங்க ஏன் சாப்பிடலை?" என்று கேட்டார். நல்ல மனுஷன், குதர்க்கமாகக் கேட்கவில்லை.

"எனக்கு... அது ஒரு பொருத்தனை, நேர்த்திக்கடன் மாதிரி," என்றான் ஞானாபரணம்.

"அப்ப எங்களுக்கும் பொருத்தனையா இருக்கட்டும்," என்றார் காளியப்பன். எல்லாரும் தலையாட்டினார்கள். எதைச் சொன்னாலும் அது இவன் தலையிலேயே வந்து விழுந்தது.

மூன்றாம் நாள் அவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ரெங்கத்தில் ஒரு கடிதம் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டு கிளம்பினான். பின்னாலேயே வீரமுத்து குடையோடு வந்தார்.

"கடுதாசியக் குடுங்க சாமி, நான் போட்டுட்டு வந்துர்றேன்."

"இல்ல, நானே போடணும்."

"அப்ப நானும் வர்றேன். விரதக்காரரைத் தனியா விடலாமா? வழியில மயக்கம் போட்டா?"

நாலு மைலும் குடை பிடித்தபடியே வந்தார். டவுனுக்குள் நுழைந்ததும், தபால் தலை வாங்கி வரச் சொல்லி அவரைத் தபாலாபீசுக்கு அனுப்பிவிட்டு, ஞானாபரணம் சீனக் கடைக்குள் பாய்ந்தான். பன்றி வேகிற வாசனை வந்தது. வரட்டும். சீனன் கடையைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

"மக்கான்?" என்றார் கடை முதலாளியான தவுக்கே. சாப்பிடுகிறாயா என்று கேட்கிறார் என்பது மலாய் தெரியாமலேயே ஞானாபரணத்துக்குப் புரிந்தது. அவன் தலையை ஆட்டிய வேகத்தில் கழுத்து சுளுக்கியிருக்கும். சுட்ட ரொட்டி இரண்டு துண்டு, மேலே வெண்ணெய் உருகி ஓட, மேசைக்கு வந்தது. எடுத்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"பூவாசா, தவுக்கே, பூவாசா," என்று வாசலில் குரல் கேட்டது.

வீரமுத்துதான். விரதம் என்று மலாயில் சொன்னதும் தவுக்கே பதறிப்போனார். ரொட்டியை ஞானாபரணத்தின் விரல்களுக்கு நடுவிலிருந்தே உருவி எடுத்துக்கொண்டு, நாலு தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

"தெரியாம வச்சுட்டான், சாமி. மனசுல வச்சுக்காதீங்க," என்றார் வீரமுத்து. அவருக்கு மூச்சு வாங்கியது. "உங்க விரதம் கலையாம காப்பாத்துறது எங்க பொறுப்பு. லயத்துல எல்லாரும் என்கிட்ட அதைத்தான் சொல்லி அனுப்பினாங்க."

அன்றிலிருந்து கொட்டகை வாசலில் எந்நேரமும் ஒரு ஆள் காவல் இருந்தது.

நாலாம் நாள் காலையில் அது நடந்தது. அர்ச்சுனன் மனைவி வெள்ளையம்மா, தோளில் காண்டாக் கழி போட்டு, வாளி இரண்டிலும் ரப்பர் பாலைச் சுமந்துகொண்டு வந்தவள், மேட்டில் ஏறும்போது அப்படியே சரிந்துவிட்டாள். பால் எல்லாம் சரிவில் ஓடியது. அவளைத் தூக்கப் போன பெண்ணும் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு மட்டும் ஏழு பேர் மரத்தடியில் விழுந்தார்கள்.

கிராணி சைக்கிளில் பறந்து வந்தார். "தம்பி, தோட்டத்துத் துரை குதிகுதின்னு குதிக்கிறாரு. பால் பாதிகூட வரலை. நாப்பது பேருக்கு அரை நாள் பேர்தான் போடச் சொல்லிட்டாரு. பாதிக் கூலி போச்சு அவங்களுக்கு. சாயங்காலத்துக்குள்ள லயத்துல புகை வரலைன்னா, நாளைக்குக் காலையில உங்களை ரயிலேத்திரணுமாம்."

ஞானாபரணம் மேட்டுக்கு ஓடினான். வெள்ளையம்மா ஒரு பால்மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கால் கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. உதடு வெடித்திருந்தது.

"ஏம்மா உங்களை நீங்களே இப்படி வதைச்சுக்கிறீங்க? சாப்பிட்டா என்ன?"

"நீங்க சாப்பிடாம நாங்க எப்படிங்கய்யா சாப்பிடுறது?" என்றாள். குரலில் அலுப்பு இருந்தது. அதையும் அவன் பக்தி என்றே எடுத்துக்கொண்டான்.

அந்த இடத்தில்தான் அவனுக்கு உடைந்தது. மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதான். தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஒரே அப்பம் என்று பிரசங்கம் பண்ணினோம். இவர்கள் கையால் ஒரு வாய் சோறு வாங்கித் தின்ன மனசு வரவில்லை. அந்த மானக்கேட்டை மறைக்கச் சொன்ன பொய்யை நம்பி ஒரு லயமே வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடக்கிறது. நான் எல்லாம் ஒரு மனுஷனா? அம்மாவின் சத்தியமாவது, வாசப்படியாவது. இரண்டும் போகட்டும்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது மனசு லேசாக இருந்தது. லயத்தை நோக்கி நடக்கும்போதே, கல்லூரிக்கு எழுதப்போகும் கடிதத்தின் முதல் வரியும் தானாக அமைந்தது. நல்ல வரி. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு அழுகை முடிவதற்குள் கடிதம் ஆரம்பித்துவிடும்.

சாயங்காலம் லயமே பார்க்க, அவன் அர்ச்சுனன் வீட்டு வாசலுக்குப் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.

"அம்மா, எனக்குப் பசிக்குது. சோறு போடுங்க."

யாரும் அசையவில்லை. வெள்ளையம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அர்ச்சுனன் வீரமுத்துவைப் பார்த்தார். வீரமுத்து கூரையைப் பார்த்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலும் என்று ஞானாபரணம் நினைத்துக்கொண்டான்.

"இன்னும் மூணு நாள் இருக்குங்களே, சாமி," என்றார் வீரமுத்து. குரல் கெஞ்சியது. "பாதியில விடக் கூடாதுங்க."

"இல்ல கங்காணி. அது விரதமே இல்ல." ஞானாபரணம் எழுந்து எல்லாரையும் பார்த்துக் கை கூப்பினான். "நான் உங்ககிட்டப் பொய் சொன்னேன். உங்க வீட்டுல சாப்பிட என் சாதி இடம் கொடுக்கலை. அதை மறைக்கத்தான் உபவாசம்னு சொன்னேன். எனக்காக நீங்க பட்டினி கிடந்தீங்க, விழுந்து எழுந்திரிச்சீங்க, கூலியை இழந்தீங்க. என்னை மன்னிச்சிருங்க. இன்னைக்கோட அது என்னை விட்டுப் போயிருச்சு. இந்த வீட்டுத் தட்டுல, இந்த அம்மா கையால நான் சாப்பிடுறேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தான். வாழ்க்கையில் இதற்கு முன்னால் அவன் இவ்வளவு உண்மையாக எதையும் பேசியதில்லை. அதில் சந்தேகமே வேண்டாம்.

ஒருவரும் அதிர்ச்சி அடைந்ததாகத் தெரியவில்லை. கோபப்பட்டதாகவும் தெரியவில்லை. அர்ச்சுனன் மெல்ல எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார். கடைசியில் வெள்ளையம்மாதான் வாயைத் திறந்தாள்.

"கோச்சுக்காதீங்கய்யா," என்றாள், கதவை விட்டு நகராமல். "உங்களுக்குப் போயிருச்சு, எங்களுக்குப் போகலையே. வேதக்காரங்களுக்கு எங்க தட்டுல சோறு போடுற வழக்கம் எங்க சனத்துல கெடையாது. நீங்க விரதத்தைப் பாதியில விட்டுட்டா, அடுப்பு எரியிற வீட்டுக்கு உங்களைக் கூப்பிடணுமேன்னுதான் இத்தனை நாளும் நாங்க மூட்டாம கெடந்தோம்."