நாற்காலி காத்த இடம்

மனிதர்களில் இடம்பிடிப்பவர் என்று ஓர் இனம் உண்டு. இந்த இனத்தைப் பார்க்க நீங்கள் எங்கும் பயணம் போக வேண்டாம். வாசலுக்கு வந்து தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தால் போதும். கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியோ, சிமெண்ட் ஊற்றி இறுகிய பெயிண்ட் டப்பாவோ, செடி செத்துப்போய் மண் மட்டும் மிச்சமிருக்கும் தொட்டியோ நடுரோட்டில் ராஜ மரியாதையோடு நின்றுகொண்டிருந்தால், அதற்கு நேர் எதிரே ஜன்னல் திரைக்குப் பின்னால் இரண்டு கண்கள் இருக்கும். அவர்தான்.

ரோடு பொதுச் சொத்து இல்லையா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். நம்மைவிட வேகமாகத் தலையாட்டுவார். ரோடு பொதுதான், அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அவர் வாசலுக்கு எதிரே வருகிற பொது ரோடு மட்டும் அவருடையது.

எங்கள் தெருவில் இந்த இனத்தின் முடிசூடா மன்னர் ரிசர்வேஷன் சார். ரயில் நிலையத்தில் முன்பதிவு கவுன்ட்டரில் உட்கார்ந்து, ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் இடம் போட்டுக் கொடுத்து ஓய்வு பெற்றவர். அதனால் அந்தப் பெயர். காலையில் எழுந்ததும் பல் துலக்குகிறாரோ இல்லையோ, ஈரத்துணியோடு வந்து நாற்காலியைத் துடைப்பார். அதன் மூன்று கால்களையும், நாலாவது காலுக்கு முட்டுக்கொடுத்த செங்கல்லையும் தொட்டுப் பார்ப்பார். பக்கத்தில் பாதுகாப்புக்கு நிற்கும் பெயிண்ட் டப்பாவை ஓர் இம்மி இந்தப் பக்கம் நகர்த்தி, எட்ட நின்று பார்த்துவிட்டு, மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்துவார். மழை வந்தால் நாற்காலிக்குப் பாலித்தீன் உறை உண்டு. குடை கேட்ட மனைவிக்கு, போன வருஷக் குடையே நன்றாகத்தானே இருக்கிறது என்று பதில் கிடைத்தது.

அந்த நாற்காலிக்குத் தெருவே அடங்கியது. குப்பை வண்டி அதைக் கண்டதும் நின்றுவிடும். நாங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு வண்டியைத் தேடிப் போவோம். தண்ணீர் லாரி மூச்சு வாங்கிக்கொண்டே பின்னால் போகும். ஆட்டோ உள்ளே வந்தால் திரும்ப வழியில்லை என்பதால், எதிர்வீட்டுத் தையல்காரரின் மனைவி முட்டிவலியோடு முனையிலேயே இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவார். தையல்காரர் ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார்.

"சார், அவ இறங்கற வரைக்கும் கொஞ்சம் நகர்த்தி வெச்சுக்கட்டுமா?"

"இன்னிக்கு நகர்த்துவீங்க. நாளைக்கு என்னையே நகரச் சொல்லுவீங்க."

தையல்காரர் சாதுவான மனிதர். அளவெடுத்த மாதிரி இரண்டடி பின்வாங்கி வீட்டுக்குள் போய்விட்டார்.

இவ்வளவு காவல் காக்கிறாரே, அப்படி என்ன கார் வைத்திருக்கிறார் என்றுதானே கேட்கிறீர்கள்? கார் கிடையாது. ஸ்கூட்டர் கிடையாது. சைக்கிள்கூடக் கிடையாது. மகளிடம்தான் கார் இருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் அந்தப் பெண், கார் வாங்கிய புதிதில் அப்பாவிடம் காட்டவென்று ஆசையாக ஓட்டிக்கொண்டு வந்தாள். தெரு முழுக்க வண்டி. மூன்று சுற்று சுற்றிவிட்டு, "இடமே இல்லப்பா, இன்னொரு நாள் வர்றேன்" என்று போனில் சொல்லிவிட்டு, வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அம்மாவுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்று சாயங்காலமே நாற்காலி தெருவுக்கு வந்தது. அந்தப் பெண்ணின் இன்னொரு நாள்தான் வந்தபாடில்லை. இதைக் கேட்டபோது எனக்கே மனசு கொஞ்சம் இளகியது. அடுத்த நிமிஷம் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு முனைக்கு நடந்தபோது அது பழையபடி இறுகிக்கொண்டது.

ஒரு நாள் பார்சல் கொண்டுவந்த பையன் நாற்காலி மேல் பைக்கைச் சாய்த்தான். சத்தம் கேட்டு ரிசர்வேஷன் சார் பாய்ந்து வந்து, தன் டப்பாவிலேயே இடறினார். பையன் தப்பினான், சிமெண்ட் டப்பா நகரவில்லை, சாரின் கணுக்கால்தான் முறிந்தது. மாவுக்கட்டு போட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கூட்டி வந்தவர் யார் என்கிறீர்கள்? அதே தையல்காரர்தான். ஆட்டோ முனையிலேயே நின்றுவிட்டது.

"உள்ள வரமாட்டேங்க. அங்க ஒரு நாற்காலி இருக்கு."

"அதை எடுத்து ஓரமா போட்டுட்டுப் போப்பா. கால் வலிக்குது."

"அது ஒரு கிறுக்குப் பெரியவரோடது சார். தொட்டா சண்டைக்கு வருவாரு. உங்களுக்கு அவரைத் தெரியாது."

தையல்காரர் மின்கம்பத்தை ஆழ்ந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவரும் நானும் அந்த நாற்காலியையே எடுத்து வந்து, சாரை அதில் உட்காரவைத்துத் தூக்கினோம். வீட்டு வாசலை நெருங்குவதற்குள் எங்கிருந்தோ ஒரு ஸ்கூட்டர் காலி இடத்தில் மெல்ல மூக்கை நுழைத்தது. சார் எங்கள் தலைக்கு மேலிருந்து அலறினார். "இறக்குங்க. இங்கயே இறக்குங்க."

இறக்கினோம். ஸ்கூட்டர் ஓடிவிட்டது. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார். சார் ஓய்வை ரோட்டில் எடுத்தார். காலையில் தையல்காரரை, என்னை என்று யாரையாவது பிடித்து மனைவி அவரைக் கொண்டுவந்து வைக்கச் சொல்வார். நாற்காலிக்கும் அவருக்கும் ஆளுக்கொரு கால் சரியில்லை. வெயிலுக்குத் தலையில் துண்டு, கட்டுப் போட்ட கால் டப்பாவின் மேல். சாப்பாடு அங்கேயே வந்தது.

கால் முறிந்த செய்தி கேட்டு மகள் அடித்துப் பிடித்துக்கொண்டு காரில் கிளம்பி வந்தாள். தெரு முனையில் வண்டியை நிறுத்திப் போன் போட்டாள். சார் மடியில் போன் அடித்தது.

"அப்பா, வந்துட்டேன். உள்ள வர முடியல. யாரோ ஒரு ஆளு நடுரோட்டுல நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. பார்த்தாலே வம்புக்காரர் மாதிரி தெரியுது."

"அது நான்தாம்மா" என்று சார் கத்துவதற்குள், பின்னால் நின்ற லாரி ஹாரனை விடாமல் அடிக்க, கார் நகர்ந்து மறைந்துவிட்டது. சார் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எங்களுக்கே பாவமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மகள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். சார் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். அப்புறம் கேட்டார்.

"வண்டி எங்கம்மா?"

"அடுத்த தெருவுலப்பா. ஒரு வீட்டு வாசல்ல பூந்தொட்டி ஒண்ணு நடுரோட்டுல இருந்துச்சு. அதை ஓரமா நகர்த்திட்டு நிறுத்திட்டேன்."

சார் முகம் வெளிறிப் போனது. மகள் கையை உதறினார்.

"அடுத்தவங்க தொட்டியை நகர்த்தினியா? யாருக்காகப் பார்த்துப் பார்த்து வெச்சிருந்தாரோ, அந்த மனுஷன். முதல்ல போய் வண்டியை எடு."

போனாள். வண்டியை எடுத்தாள். இரண்டு தெருவிலும் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்பா உட்கார்ந்திருந்த இடத்தைத் தவிர வேறு இடமில்லாததால் இன்னொரு நாள் வருவதாகப் போனில் சொன்னாள்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், நமக்கென்ன? ஆனால் இதைப் படிக்க உட்கார்ந்தபோது, பக்கத்து இருக்கையில் உங்கள் பையை வைத்தீர்களே, அது யாருக்காக? அதோ, ஒருவர் ரொம்ப நேரமாக அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.